வாசலில் திரும்பிய மெயில்கள்

நவம்பர் 4, செவ்வாய்

மணமேல்குடி பக்கத்துக் கடலில் நாட்டுப்படகு கவிழ்ந்து மீனவர் இருவர் இறந்த செய்தி இன்று எல்லா நாளிதழ்களிலும் வந்திருக்கிறது. எங்கள் நாளிதழில் இல்லை. அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் மணப்பாறைப் பள்ளி ஒன்றின் விளையாட்டு விழாப் படம் இருக்கிறது.

செய்தி ஆசிரியர் வரதராஜன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் மற்ற நாளிதழ்களை விரித்து, அந்தச் செய்தியை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தார். என்னைவிட வயதில் மிகவும் இளையவர். உட்காரச் சொல்லவில்லை.

"லூர்து சார், உங்க மணமேல்குடி ஆளு தூங்கிட்டாரா, இல்ல வேற பொழப்பு பாக்கப் போயிட்டாரா?"

"விசாரிக்கிறேன் சார்."

"விசாரிங்க. ரெண்டு உசுரு போயிருக்கு. நம்ம பேப்பர்ல பசங்க சாக்குப்பைக்குள்ள நின்னு குதிச்சு ஓடுறாங்க."

மணமேல்குடி ஆள் என்பது ஜகுபர் சாதிக். வட்டச் செய்தியாளர், பகுதிநேரம். நான் புதுக்கோட்டை மாவட்ட நிருபராக இருந்த காலத்தில் நாளிதழில் சேர்த்துவிட்டவர். இப்போது நான் திருச்சி அலுவலகத்தில் இருக்கிறேன். சுற்றியுள்ள மாவட்டங்களின் வட்டச் செய்தியாளர்கள் மெயிலில் அனுப்புவதைப் படித்து, திருத்தி, பக்கத்துக்குக் கொடுப்பது என் வேலை. ஓய்வு வயது கடந்துவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை நீட்டிப்பு.

ஜகுபருக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, நேத்து பொழுது சாயறதுக்குள்ள அனுப்பிட்டேனே. போட்டோவோட. கரையில நின்னு எடுத்த படம்ணே, ரெண்டு பேரையும் தூக்கிட்டு வர்றது."

"வரலையே."

"அப்படியா? அண்ணே, தீபாவளியிலேருந்தே நம்ம ஏரியா செய்தி ஒண்ணும் வரல. விளம்பரம் நெறைய, எடம் இல்ல போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"ஏன் கேக்கல?"

"நீங்கதானண்ணே சொன்னீங்க, ஏன் வரலன்னு ஆபீசுக்குப் போன் பண்றவன் நிருபர் இல்லைன்னு."

சொன்னதுண்டு. எல்லா வட்டச் செய்தியாளர்களுக்கும் சொல்வதுதான். அனுப்புவது அவர்கள் வேலை, போடுவது எங்கள் வேலை. இந்த விதி இல்லாவிட்டால் போனைக் கீழே வைக்க முடியாது.

மாலையில் மனைவி ஆக்னஸைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போனேன். கண் அறுவைக்குப் போட்ட கட்டை அவிழ்த்துவிட்டார்கள். மூன்று வகைச் சொட்டுமருந்து. எது முதலில் என்பதை வெளியே வருவதற்குள் இருவருமே மறந்துவிட்டோம்.

நவம்பர் 5, புதன்

கணினிப் பிரிவுக்குப் போனேன். திருச்சி அலுவலகத்தில் அந்தப் பிரிவு என்பது சுகந்தி ஒருத்திதான். லால்குடியிலிருந்து தினமும் ரயிலில் வருகிறாள்.

ஜகுபரின் முகவரியைக் கொடுத்தேன். அவர் அனுப்புவது மணமேல்குடியில் உள்ள ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மெயில் முகவரியிலிருந்து. சுகந்தி தேடினாள். இன்பாக்ஸில் இல்லை. ஸ்பேம் பெட்டியில் இல்லை. அழித்தவற்றிலும் இல்லை.

"அப்ப அவர் அனுப்பலையா?"

"அப்படிச் சொல்ல முடியாது சார். போன மாசம் சர்வர் மாத்தினோம்ல? இந்தப் புது சர்வர் ரெண்டு வேலை செய்யும். லேசா சந்தேகம்னா உள்ள விட்டு ஸ்பேம் பெட்டியில போடும். ரொம்ப சந்தேகம்னா வாசல்லயே திருப்பிடும். வாசல்ல திருப்பினா மெயில் நம்மகிட்ட இருக்கவே இருக்காது. திருப்பினோம்ங்கிற பதிவு மட்டும் இருக்கும்."

"அதைப் பாரும்மா."

"எனக்கு அனுமதி இல்ல சார். சென்னையில கேக்கணும்."

பழைய சர்வர் எதையும் திருப்பியதில்லை. வெளிநாட்டு லாட்டரியில் எனக்குப் பரிசு விழுந்திருப்பதாக வாரம் தவறாமல் மெயில் வரும். நடுவில் கணக்குப் பிரிவில் யாரோ ஒரு போலி மெயிலைத் திறந்து, அலுவலகம் முழுவதும் முடங்கியது. அதன் பிறகு தலைமை அலுவலகம் இந்தப் புதிய சர்வரைப் பெரிய விழாவாக அறிமுகம் செய்தது. வரதராஜன் எங்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார்.

நவம்பர் 6, வியாழன்

சென்னையிலிருந்து பதில் இல்லை. வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக் "காயில் போச்சு" என்றார். இவர் எதைப் பார்த்தாலும் காயில்தான் போகிறது.

நவம்பர் 7, வெள்ளி

பதிவு வந்தது. ஜகுபர் சொன்னது உண்மை. புது சர்வர் வந்த நாளிலிருந்து அவர் அனுப்பிய ஒவ்வொரு மெயிலும் வாசலில் திரும்பியிருக்கிறது. படகு கவிழ்ந்த செய்தியும்தான். ஏன் என்று பதிவில் இல்லை, 'கொள்கைப்படி நிராகரிப்பு' என்று மட்டும் இருக்கிறது.

காரணத்தை நாங்களே தேடினோம். முதலில் சொற்களைச் சந்தேகித்தாள் சுகந்தி.

"செய்தி பூரா பலி, சடலம், கொலை, கள்ளக்காதல். ஃபில்டர் பயந்திருக்கும் சார்."

ஜகுபரின் செய்தியை வாட்ஸ்அப்பில் வாங்கி, என் சொந்த மெயிலிலிருந்து அலுவலகத்துக்கு அனுப்பினேன். உள்ளே வந்தது. படங்களோடு அனுப்பினேன், வந்தது. படங்களைச் சுருக்காமல், முழு எடையோடு அனுப்பினேன். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு அதுவும் வந்தது. பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்த விளையாட்டு நிருபர், "என்ன சார், ஒரே பொணத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பறீங்க?" என்றார்.

பிறகு ஜகுபரை ஸ்டுடியோவுக்குப் போகச் சொல்லி, "சோதனை" என்ற ஒரே சொல்லை அங்கிருந்து அனுப்பச் சொன்னோம். திரும்பிவிட்டது.

"சொல்லுல இல்ல சார். அனுப்புற எடத்துல இருக்கு."

ஜகுபரிடம் கேட்டேன். "திருப்பினா உனக்குத் தகவல் வந்திருக்குமேய்யா?"

"ஏதோ இங்கிலீஷ்ல நீளமா வரும்ணே. விளம்பரம்னு நெனச்சு அழிச்சிடுவோம்."

"உன் செல்போன் மெயில்லேருந்து அனுப்பு."

"அது மக போட்டுக் குடுத்தது. பாஸ்வேர்டு அவளுக்குத்தான் தெரியும். அவ காலேஜுக்குப் போயிருக்கா."

எங்கள் சர்வர் அவருடைய மெயிலைக் குப்பை என்று திருப்பியது. அதைச் சொல்லி எங்கள் சர்வர் அனுப்பிய மெயிலை அவர் குப்பை என்று அழித்தார். சுகந்தி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

ஐந்து மணிக்கு வரதராஜன். "அறந்தாங்கியில ஒரு ஆளு ரெடியா இருக்காரு சார். சுறுசுறுப்பான ஆளு. அடுத்த வெள்ளிக்குள்ள உங்க ஜகுபர் விஷயம் எழுத்துல வரணும். அனுப்பினாருன்னா ஆதாரம் குடுங்க. இல்லன்னா அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிடுங்க."

ஒரு வட்டச் செய்தியாளருக்கு அந்த அட்டைதான் எல்லாம். அது இருந்தால் காவல் நிலையத்தில் நாற்காலி கிடைக்கும், தாலுகா அலுவலகத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அது இல்லாத ஜகுபர், ஊரில் எல்லோரையும் கேள்வி கேட்டுத் திரிந்த ஒரு மனிதர், அவ்வளவுதான். கேள்வி கேட்கப்பட்டவர்களெல்லாம் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

மாதா கோயில். பூசை முடிந்து வந்தபோது ஆக்னஸ், "இப்பத்தான் உங்க முகம் தெளிவாத் தெரியுது" என்றாள். "எப்படி இருக்கு?" என்றேன். "வயசாயிடுச்சு" என்றாள்.

நவம்பர் 10, திங்கள்

சுகந்தி காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். சென்னையில் தன்னோடு படித்த ஒருவரைப் பிடித்து, நிராகரிப்பின் முழு விவரத்தை வாங்கியிருக்கிறாள். தாளில் படம் போட்டு விளக்கினாள்.

வடிகட்டி, மெயில் அனுப்பும் ஒவ்வொரு முகவரிக்கும் மதிப்பெண் போடுகிறது. பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறு, அதிகம் வாங்கினால் தோல்வி. ஸ்டுடியோ முகவரிக்கு இரண்டு காரணங்களால் மதிப்பெண் ஏறியிருக்கிறது. ஒன்று, ஸ்டுடியோக்காரர் அதே முகவரியிலிருந்து முகூர்த்த மாதங்களில் ஊரெல்லாம் கல்யாண ஆல்பம் விளம்பரம் அனுப்புகிறார். வாங்கியவர்களில் பலர் அதை ஸ்பேம் என்று குறித்திருக்கிறார்கள்.

"இது மட்டும்னா ஸ்பேம் பெட்டிக்குத்தான் போயிருக்கும் சார். ரெண்டாவதுதான் வாசல்ல நிறுத்துது." அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "மெயில் நமக்கு மட்டும் வர்றதில்ல. ஒரே மெயில், முகவரியை மறைச்சு, பல பேருக்கு ஒரே நேரத்துல போகுது. யாருக்கெல்லாம்னு எனக்குத் தெரியாது. பல பேருக்குங்கிறது மட்டும் தெரியுது."

நான் அவள் வரைந்த படத்தையே பார்த்தேன்.

"சார், இதே செய்தி மத்த பேப்பருக்கும் போகுதா?"

"கேட்டுச் சொல்றேன்."

"நான் கேக்கல சார். நீங்களும் சொல்ல வேணாம்." பிறகு, "சோதிக்காம உள்ள விடுற விலக்குப் பட்டியல்ல ஒரு வரி சேத்தா போதும், நாளையிலேருந்து வந்துடும். ஆனா விலக்கு கேட்டா சென்னையில காரணம் கேப்பாங்க. 'இந்த முகவரி ஏன் ஒரே மெயிலைப் பல பேருக்கு அனுப்புது?' இதுதான் கேள்வி."

பதில் எனக்குத் தெரியும். எந்த வட்டத்துக்குப் போனாலும் ஆறேழு நாளிதழ்களின் பகுதிநேரச் செய்தியாளர்கள் ஒரு கூட்டாகத்தான் இருப்பார்கள். ஒருவர் காவல் நிலையம், ஒருவர் மருத்துவமனை, ஒருவர் கட்சிக் கூட்டம். எழுத்து நன்றாக வருகிறவர் உட்கார்ந்து அடிப்பார். அடித்ததை எல்லா நாளிதழ்களுக்கும் ஒரே தட்டில் அனுப்பிவிடுவார். காலையில் எல்லா நாளிதழ்களிலும் ஒரே செய்தி, ஒரே காற்புள்ளி. எங்கள் நிறுவனத்தில் இது விதிப்படி குற்றம். எல்லா நிறுவனங்களிலும் குற்றம். எல்லா நிறுவனங்களின் செய்தி மேசைகளுக்கும் இது தெரியும்.

நவம்பர் 11, செவ்வாய்

ஜகுபரிடம் பேசினேன்.

"ஆமாண்ணே. நான்தான் அடிக்கிறேன். உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"சரிண்ணே, தெரியாது. இப்பச் சொல்றேன், கேட்டுக்குங்க. படகு கவுந்த அன்னிக்கு நான் கரையில நின்னேன். ஜி.ஹெச்.சுல நிக்கல. அங்க நின்னது வேற பேப்பர் ஆளு. பேரு, வயசெல்லாம் அவன் குடுத்தான். கடலோரக் காவல் படை விவரம் இன்னொருத்தன். ஒத்த ஆளா எத்தன எடத்துலண்ணே நிக்கிறது? நீங்க மாவட்ட நிருபரா சம்பளத்துக்கு இருந்தப்ப ஆபீஸ் ஜீப் வரும். எனக்கு என் டி.வி.எஸ். வண்டி."

"இனிமே நமக்கு மட்டும் தனியா அனுப்பு. புது முகவரி ஒண்ணு போடு."

"அனுப்பறேண்ணே. மக சாயங்காலம் வந்துடுவா."

நவம்பர் 12, புதன்

புதிய முகவரியிலிருந்து முதல் மெயில் வந்தது. ஸ்பேம் பெட்டியில் விழுந்தது. சுகந்தி எடுத்து, நம்பகமானது என்று குறித்தாள். இரண்டாவது நேராக உள்ளே வந்தது. கோட்டைப்பட்டினத்தில் ஐஸ் விலை ஏறிய செய்தி. நல்ல செய்தி, சுருக்கமாக எழுதியிருந்தார். மூன்றாம் பக்கத்துக்குக் கொடுத்தேன்.

ஆக, கோளாறு சரியாகிவிட்டது. மீதி இருப்பது வரதராஜனுக்கு எழுதித் தர வேண்டிய அறிக்கை.

நவம்பர் 13, வியாழன்

அறிக்கையை ஒரு பத்தியில் எழுதினேன். மணமேல்குடிச் செய்தியாளர் உரிய நேரத்தில் செய்தி அனுப்பியிருக்கிறார். புது சர்வரின் வடிகட்டி தவறுதலாக அதை நிராகரித்திருக்கிறது. இப்போது மாற்று ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. சுகந்தி படித்துவிட்டு, "இது போதும் சார். பொய்யும் இல்ல" என்றாள்.

வரதராஜனிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"சென்னை மேல குத்தம் சொல்ற மாதிரி இருக்கே சார்."

"நடந்தது அதுதான் சார்."

"சர்வர் அவங்க வாங்கினது. இதை நான் மேல அனுப்பினா அவங்க ஒண்ணே ஒண்ணு கேப்பாங்க. 'சரிப்பா, மெயில் திரும்பிடுச்சு. ஒரு தாலுகாவுலேருந்து இத்தன நாளா ஒரு செய்தியும் வரலையே, அதைத் திருச்சியில யார் கவனிச்சிருக்கணும்?'" என்னைப் பார்த்தார். கனிவாகத்தான் பார்த்தார். "யாரு சார் கவனிச்சிருக்கணும்?"

நான் அறிக்கையைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்.

"உங்க எக்ஸ்டென்ஷன் ஃபைல் வேற என் மேசையிலதான் இருக்கு. நான் நல்லபடியா எழுதி அனுப்பணும்னு நெனக்கிறேன். ஏன் திருப்பிச்சுன்னு காரணம் கண்டுபிடிச்சீங்களாமே? அதையும் எழுதுங்க. அரைகுறையா இருக்கக் கூடாது பாருங்க. நீங்க சீனியர்."

வீடு திரும்பும் வழியில் சொட்டுமருந்து வாங்கினேன். மோட்டாருக்குக் காயில் மாற்றியாகிவிட்டது.

நவம்பர் 14, வெள்ளி

அறிக்கையை விரிவாக எழுதிக் கொடுத்தேன். நிருபர் என்பவர் தெரிந்ததில் பாதியை எழுதுவது முறையில்லை. யாருக்காகவும் ஒன்றைச் சேர்க்கவும் இல்லை, விடவும் இல்லை. உள்ளது உள்ளபடி.

சுகந்தி கேட்கவில்லை. நானும் காட்டவில்லை.

நவம்பர் 17, திங்கள்

அறிக்கை சென்னைக்குப் போய்விட்டது. வரதராஜன் வராந்தாவில் என் தோளைத் தட்டி, "தெளிவா இருந்துச்சு சார்" என்றார்.

சுகந்திக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. மதியம் என் மேசைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"சார், ஒரு தகவல். விலக்குப் பட்டியலை இன்னிக்குத்தான் முழுசாப் பாத்தேன். கலெக்டர் ஆபீஸ் செய்திக்குறிப்பு இருக்குல்ல? அதுவும் ஒரே மெயில்தான். முகவரியை மறைச்சு எல்லாப் பேப்பருக்கும் ஒரே நேரத்துல போறதுதான். நகைக்கடைக்காரங்க அனுப்புறதும் அப்படித்தான். அவங்களுக்கெல்லாம் சர்வர் வந்த மொத நாளே விலக்குப் போட்டிருக்கு. காரணம்னு ஒருத்தர்கிட்டயும் கேக்கல."

"அவங்க நம்ம ஆளுங்க இல்லையேம்மா. எல்லாருக்கும் அனுப்பலாம்."

"ஆமா சார். நம்ம ஆளா இருந்ததுதான் தப்பு."

போய்விட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வெடுக்கென்று பேசுகிறார்கள். வேலையில் கெட்டிக்காரி.

நவம்பர் 18, செவ்வாய்

ஜகுபரிடமிருந்து மூன்று செய்திகள் வந்தன. மூன்றையும் போட்டோம். புகழ்ந்து ஒரு வார்த்தை அனுப்பலாம் என்று நினைத்தேன். வேலை வந்துவிட்டது.

நவம்பர் 20, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. இரண்டு பகுதிகள். வட்டச் செய்தியாளர்கள் அனைவரும், மற்ற நாளிதழ்களோடு செய்தியைப் பகிர்வதில்லை என்று கையெழுத்திட்டுத் தர வேண்டும். மணமேல்குடிச் செய்தியாளர் நிறுவன நெறிகளை மீறியதால் உடனடியாக விடுவிக்கப்படுகிறார். அட்டையைத் திரும்பப் பெறும் பொறுப்பு என்னுடையது.

போனில் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது. "நாளைக்குத் திருச்சிக்கு வாய்யா" என்றேன்.

"வர்றேண்ணே. கோளாறு கண்டுபிடிச்சிட்டாங்களாமே? சுகந்தி மேடம் சொன்னாங்க. இப்பத்தான் நிம்மதி."

நவம்பர் 21, வெள்ளி

பதினொரு மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, தேய்த்தது. அலுவலகத்துக்குள் கூப்பிடாமல் எதிரே உள்ள டீக்கடைக்கு அழைத்துப்போனேன். உட்கார்ந்ததும் செல்போனை எடுத்து எனக்குக் காட்டினார். ஸ்டுடியோ கணினியில் 'அனுப்பியவை' பகுதியைத் திறந்து, திரையை நாள்வாரியாகப் படம் எடுத்து வைத்திருந்தார்.

"பாருங்கண்ணே. ஒரு நாள் விடாம போயிருக்கு. வரதராஜன் சார்கிட்ட நேர்லயே காட்டிடுறேன். தூங்கிட்டேன்னு சொன்னாராமே."

ஒவ்வொரு படத்திலும் மேலே முகவரிகள் வரிசையாகத் தெரிந்தன. ஏழு நாளிதழ்கள். எங்களுடையது முதலில்.

"காட்ட வேணாம் ஜகுபர்."

"ஏண்ணே?"

சொன்னேன். டீ வந்தது. அவர் தொடவில்லை.

"யாருண்ணே சொன்னது?"

"சர்வர்லயே தெரியுதுய்யா. பல பேருக்குப் போறது."

"பல பேருக்குப் போறது சர்வருக்குத் தெரியும். அது மத்த பேப்பருக்குப் போகுதுன்னு சர்வருக்கு எப்படித் தெரியும்?"

கடைக்காரர் வேறு யாருக்கோ சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் ஒரு ஆளுகிட்டதான்ணே சொன்னேன்" என்றார் ஜகுபர். குரலை உயர்த்தவில்லை. "போன செவ்வாக்கு முந்துன செவ்வா. 'எனக்கு எப்படித் தெரியும்'னு கேட்டாரே, அவருகிட்ட."

"அறிக்கைன்னா முழுசா இருக்கணும்ல?"

"இருக்கணும். நான் செய்தி அனுப்பினேன், சர்வர் திருப்பினது தப்பு. இது அதுல இருக்கா?"

"இருக்கு. மொத பத்தியே அதுதான்."

"அப்ப தப்பு என் பேர்ல இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் என்னைத் தூக்குறாங்க." சிரித்தார். "தூங்கிட்டேன்னே சொல்லியிருக்கலாம்ணே. ஒரு வாரம் திட்டிட்டு விட்டிருப்பாங்க."

சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தார். கயிற்றை உருவித் தன்னிடம் வைத்துக்கொண்டு, அட்டையை மட்டும் மேசையில் வைத்தார். "கயிறு நான் வாங்கினது."

"வேற பேப்பர்ல சொல்லிப் பாக்கட்டுமா?"

"ஏற்கெனவே எல்லாப் பேப்பருக்கும்தானே எழுதுறேன். ஒண்ணு கொறஞ்சா என்ன? அட்டைதான் ஒருத்தனும் தர மாட்டான். நெறி மீறினவன்னு நாளைக்கே ஏழு ஆபீசுக்கும் தெரிஞ்சுடும்." எழுந்தார். "போலீஸ்காரன் இனி உள்ள விட மாட்டான். மணல் லாரி கேசுல நான் பேர் போட்டு எழுதினவன் தெருவுலதான் என் வீடு இருக்கு. பாப்போம்."

டீக்குக் காசு கொடுக்கப் போனார். நான் கொடுக்கிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. இரண்டு டீக்கும் கொடுத்துவிட்டுப் பேருந்து நிலையத்தின் பக்கம் நடந்தார்.

அட்டையை வரதராஜனிடம் ஒப்படைத்தேன். இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

நவம்பர் 24, திங்கள்

புதிய மணமேல்குடிச் செய்தியாளர் கார்மேகம். அறந்தாங்கி ஆள். கையெழுத்திட்ட உறுதிமொழி அனுப்பியிருக்கிறார். முகவரியை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன்.

"சேத்துட்டேன் சார்" என்றாள் சுகந்தி. திரையிலிருந்து திரும்பவில்லை.

நவம்பர் 26, புதன்

மழை. ஆக்னஸுக்குக் கண் நன்றாக இருக்கிறது. செய்தித்தாளைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறாள். நான் திருத்திய செய்தியில் ஒரு பிழையைக் காட்டினாள்.

நவம்பர் 28, வெள்ளி

நீட்டிப்புக் கடிதம் வந்தது. இன்னும் ஓராண்டு. வரதராஜன் கை கொடுத்தார். ஆக்னஸ் கேசரி செய்தாள்.

சென்னை கணினிப் பிரிவு மணமேல்குடிப் புகாரை முடித்துவைத்துவிட்டதாகச் சுகந்தி மெயில் அனுப்பியிருந்தாள். அவர்கள் எழுதிய காரணத்தை அப்படியே ஒட்டியிருந்தாள்: 'சம்பந்தப்பட்ட அனுப்புநர் தற்போது இல்லை.' கீழே அவள் எதுவும் சேர்க்கவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

டெல்டா முழுவதும் கனமழை. காலையிலிருந்து மெயில்கள் குவிகின்றன. வடிகட்டி ஒழுங்காக வேலை செய்கிறது.

நான்கு மணிக்குக் கார்மேகத்தின் செய்தி வந்தது. மணமேல்குடி அருகே தொகுப்பு வீட்டின் கூரை இடிந்து ஒரு பெண் காயம். ஒரு சொல் கூடுதல் இல்லை. கூரை எந்த ஆண்டில் போடப்பட்டது, பழுதுபார்க்கக் கோரி எத்தனை முறை மனு கொடுத்தார்கள், யாரிடம் கொடுத்தார்கள் என்பது வரை இருந்தது. அந்தப் பெண்ணை எந்த மருத்துவமனையில் சேர்த்தார்கள் என்பது மட்டும் விடுபட்டிருந்தது. போன் செய்தேன்.

"ஒரு நிமிஷம் சார்" என்றார் கார்மேகம். போனைக் கையால் மூடுவது கேட்டது. சரியாக மூடவில்லை. பின்னால் மழைச் சத்தமும், விசைப்பலகை தட்டும் சத்தமும், கல்யாண வீடியோவின் நாதஸ்வரமும் கேட்டன.

"எந்த ஆஸ்பத்திரின்னு கேக்குறாங்க."

தட்டும் சத்தம் நின்றது. எனக்குத் தெரிந்த குரல்.

"மொதல்ல மணமேல்குடி ஜி.ஹெச்., அங்கேருந்து அறந்தாங்கிக்கு அனுப்பிட்டாங்கன்னு சொல்லு. 'பலத்த காயம்'னு மொட்டையாப் போட வேணாம், வலது கால் எலும்பு முறிவு. லைன்ல யாரு?"

"லூர்து சார்."

கொஞ்சநேரம் கழித்துத் தட்டும் சத்தம் மறுபடி தொடங்கியது.

கார்மேகம் போனில் வந்து, என் காதில் ஏற்கெனவே விழுந்ததையே எனக்குத் திருப்பிச் சொன்னார். முதல்முறை கேட்பதுபோல எழுதிக்கொண்டேன்.

"வேற ஏதாச்சும் வேணுமா சார்?"

"போதும்" என்றேன்.

அதைச் சேர்த்ததோடு சரி, செய்தியில் வேறு ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஐந்தாம் பக்கத்தில் மூன்று பத்தி இடம் கொடுத்திருக்கிறார்கள். மேலே வழக்கம்போல, 'நமது நிருபர்' என்று போட்டிருக்கிறார்கள்.